முதல் வரிசையில் வெந்நீர்

"நான் குளிக்கலாமான்னு யோசிக்கறப்பவே வெந்நீர் வந்து கதவைத் தட்டும்," என்று குடியிருப்போர் கூட்டத்தில் அளந்தார் திருவேங்கடம். முந்நூறு வீடுகளின் குழாயும் லிப்டும் அனுப்பும் கோரிக்கைகளில் எதை முதலில் கவனிப்பது என்று அந்தக் கட்டடத்தின் கணினி சர்வருக்கு விதி எழுதிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர்.

பதினோராம் மாடி செண்பகவல்லி மட்டும் நம்பவில்லை. "ரீல் விடாதீங்க சார். அவசரம்தானே முதல்ல போகும்?"

"அவசரமும் எனக்குப் பின்னாலதாம்மா. சோதனைக்குன்னு என் வீட்டை வரிசையோட உச்சியில வச்சேன், எடுக்க மறந்துட்டேன். செவ்வாய்க்கிழமை காலைல சூட்டைக் கூட்டு, குறைன்னு நாற்பது தடவை கேட்டேன். ஊரே நின்னுச்சு, நான் பாடிக்கிட்டே குளிச்சேன்."

கூட்டம் சிரித்தது. செண்பகவல்லி சிரிக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பக்கவாதம் வந்த அப்பாவை ஸ்ட்ரெச்சரில் கிடத்திக்கொண்டு, லிப்டுக்காக அவள் பன்னிரண்டு நிமிடம் நின்றது அன்று காலைதான். திருவேங்கடத்துக்கு முகம் காதுவரை எரிந்தது.

"எல்லாம் சும்மா கப்சாம்மா," என்றார் தரையைப் பார்த்து. "அப்படியெல்லாம் எதுவும் நடக்கல."

அவள் கைப்பேசியில் சர்வரின் பதிவைத் திறந்து, நாற்பது வரிகளையும் நிதானமாகத் தள்ளிப் பார்த்தாள். நாற்பத்தோராவது வரியில் அவளுடைய லிப்ட் கோரிக்கை இருந்தது.

"இல்ல சார். நடந்திருக்கு."