பதினாறாவது ஜன்னல்

“ஆளத் தள்ற மாதிரி மரத்தத் தள்ளாதீங்க சார்! பிளேடு தானா அறுத்துக்கும். நீங்க பலகையத் திருப்பிக்கிட்டே இருந்தாப் போதும்.”

சிலம்பரசன் சொல்லி வாய் மூடவில்லை, ‘டிக்’கென்று பிளேடு உடைந்தது. கலீலுல்லா மிஷினை நிறுத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்குங்க மாஸ்டர். பழக்க தோஷம்.”

“ரெண்டு துண்டும் கெடச்சுதா?”

“கெடச்சுது.”

“டப்பால போடுங்க. ஒண்ணு தொலஞ்சாலும் எனக்குத்தான் தலவலி.”

ஈர்க்குச்சி கனத்தில் பாதிகூட இருக்காது அந்த ரம்பம். தையல் மிஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் ஓடும். பலகையைத் திருப்பத் திருப்ப வளைந்து வளைந்து அறுத்துக்கொண்டு போகும். ஸ்க்ரோல் சா என்று பெயர். மூன்று மாதத்துக்கு முன்பு சிலம்பரசன் அதில் ஒரு கையகலப் பலகையிலிருந்து மயில் ஒன்றை, தோகைக் கண் ஒன்றுவிடாமல், வெட்டி எடுத்ததைக் கலீலுல்லா பார்த்தார். வந்த வேலையை மறந்து, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அறுபதைத் தொடப்போகிற மனிதர், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவனிடம் போய், “எனக்கும் கத்துக் குடுப்பியா... குடுப்பீங்களா?” என்று கேட்டது அன்றைக்குத்தான். அன்று முதல் அவன் அவருக்கு மாஸ்டர்.

வீட்டில் மனைவி நஜீமா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஒரு வெங்காயம் நறுக்கத் தெரியாது. இவரு மரத்துல பூ வெட்டப் போறாராம்!”

அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. உண்மைதானே? இத்தனை வயதுக்கு, இது என் கையால் செய்தது என்று காட்ட அவரிடம் ஒரு பொருள்கூட இல்லை. மூலக்குளத்தில் கட்டியிருக்கிற புது வீட்டு வாசலில், பள்ளிவாசல் ஜன்னலில் இருப்பதுபோல ஓர் எட்டு முனை நட்சத்திரப் பலகையைத் தானே செய்து மாட்டியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். நட்சத்திரத்துக்குள் பதினாறு திறப்புகள். மாஸ்டர் பாஷையில் பதினாறு ஜன்னல். ஒவ்வொன்றுக்கும் முதலில் பொடியாக ஓர் ஓட்டை போட்டு, பிளேடைக் கழற்றி, ஓட்டைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். பொறுமை இல்லாதவன் பக்கத்தில் வரக் கூடாத வேலை.

இரண்டு பலகை ஏற்கெனவே பாழ். இது மூன்றாவது. தட்டாஞ்சாவடி மரக்கடையிலிருந்து வந்த தேக்குத் துண்டுகளில் இதுதான் மிச்சம். போதாததற்கு, இன்று அவருக்கு இங்கே கடைசி நாள். பதினைந்து ஜன்னல் முடிந்து, பதினாறாவதில் பாதி வழியில் பிளேடு உடைந்து நிற்கிறது. நேரம் நாலேகால். நாலரைக்கு மணி அடித்துவிட்டால் மிஷினை மூடியாக வேண்டும்.

“இதுவும் பாழாயிடும் மாஸ்டர். இந்த ஒண்ண நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்களேன்.”

“வீட்டம்மா கேட்டா என்னா சொல்லுவீங்க? பதினஞ்சு என்னுது, ஒண்ணு மட்டும் அவனுதுன்னா?”

கலீலுல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிலம்பரசன் புது பிளேடை மாட்டி விரலால் சுண்டினான். ‘டிங்’ என்றது.

“நானும் நாப்பது வயசு வரைக்கும் ஸ்டியரிங்கத் தவிர எதையும் புடிச்சதில்ல சார். லாரி ஓட்டுனவன். இங்க வந்தப்பறம்தான் இந்தக் கை வேற வேலயும் செய்யும்னு தெரிஞ்சுது. மூச்ச நல்லா இழுத்து வுடுங்க. கோட்ட மட்டும் பாருங்க.”

“பிஸ்மில்லா” என்று கலீலுல்லா சுவிட்சைப் போட்டார்.

பிளேடு மரத்துக்குள் இறங்கியது. தேக்கு வாசனை மூக்கில் ஏறியது. வளைவு முடிந்து முனை வந்தபோது அவருடைய தோள் பழையபடி முன்னால் சாயப் பார்த்தது. சிலம்பரசன் அந்தத் தோளில் இரண்டு விரலை வைத்தான். தோள் தணிந்தது. பலகை அவர் கைக்குள் வெண்ணெயாகத் திரும்பியது. சின்ன முக்கோணத் துண்டு ஒன்று கழன்று கீழே விழுந்தது.

கலீலுல்லா பலகையைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பதினாறு ஜன்னலிலும் சாயங்கால வெயில் நுழைந்து, சிமெண்டுத் தரையில் ஒரு நட்சத்திரத்தை விரித்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“சுபுஹானல்லா! மாஸ்டர்... இத நானா செஞ்சேன்?”

“நீங்கதான் சார். நான் சாட்சி.”

“முப்பத்தஞ்சு வருஷத்துல எத்தனையோ ஆளுங்களப் பாத்துட்டேன். உங்கள மாதிரி ஒருத்தர நான் பாக்கல.” கண்ணைத் துடைத்துக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை.

“பெரிய வார்த்த சார். வாசல்ல மாட்டுறதுக்கு முன்னாடி எண்ண பூசுங்க. நம்மூரு உப்புக்காத்து சும்மா வுடாது.”

மணி அடித்தது. இருவரும் பிளேடுகளை எண்ணி வைத்துவிட்டு, பட்டறையிலிருந்து ஒன்றாக நடந்தார்கள்.

“வீட்டுக்கு வரணும் மாஸ்டர். நஜீமா கையால பிரியாணி சாப்புடணும்.”

“கண்டிப்பா வரேன் சார். ரெண்டு வருஷம் போவட்டும்.”

நீண்ட வராந்தாவின் கடைசி அறைக்குள் சிலம்பரசன் நுழைந்ததும், கலீலுல்லா வெளியே பூட்டைப் போட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு காக்கிச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, கம்பிக்கு உள்ளே நின்ற கைதிக்கு, தன் சர்வீஸிலேயே முதல் தடவையாக, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.