மூன்றாவது ஊசி

பஞ்சை மருந்தில் நனைத்துக் கையைத் துடைக்கப் போன பர்னபாஸ் அப்படியே நின்றான்.

அந்தக் கையில் ஏற்கெனவே இரண்டு ஊசி ஏறியிருந்தது.

ஒன்று ஒரு வாரத்துத் தழும்பு. இன்னொன்று சிவந்து வீங்கிக் கிடந்தது. தொட்டால் கொதித்தது.

நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான்.

போன வாரம் இதே வரிசையிலிருந்து அவன் விரட்டிவிட்ட பெண். கங்கம்மா. புருஷன் சுரங்கத்துக்குள் செத்துப்போன எட்டாம் நாள், அவர்கள் இருந்த குடிசை வேறொரு ஆளுக்குப் போய்விட்டது. அன்று முதல் நாலு வயசுப் பெண்ணோடு பாய்லருக்குப் பின்னால் சாம்பல் மேட்டில் கிடக்கிறாள். அங்கேதான் சூடு இருக்கும்.

குடிசை நம்பர் இல்லாதவர்களுக்குப் பிளேக் ஊசி கிடையாது. அது சட்டம். அந்தச் சட்டத்தை அவளுக்கு எடுத்துச் சொல்லி அனுப்பியவன், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் பர்னபாஸ்தான்.

இன்றைக்கு அவளிடம் குடிசை நம்பர் பொறித்த ஒரு பித்தளை வில்லை இருந்தது. மூன்றாவது லைன், பதினான்காம் குடிசை. தசரதன் பெண்சாதி மங்கம்மாவின் வில்லை.

அவனுக்கு விளங்கிவிட்டது.

ஊசி போட்ட சீட்டு இல்லாமல் யாரையும் வேலைக்கு விடுவதில்லை. ஊசி என்றாலோ ஜனங்களுக்குக் குலை நடுக்கம். முழ நீளமாம், குதிரைக்குப் போடுகிறதாம், போட்ட அன்றே ரத்தம் சுண்டிவிடுமாம். ஆகவே ஆள் மாற்றி அனுப்புகிறார்கள். பசித்தவள் கையை நீட்டுவாள், சீட்டு வேறொருத்தி மடிக்குப் போகும்.

நாலடி தள்ளி வெள்ளைக்கார டாக்டர் ஊசியை விளக்கில் காட்டிக்கொண்டிருந்தார். வாசலில் தடியோடு வாட்ச்மேன். விஷயம் வெளியே வந்தால் கங்கம்மாவின் முதுகு கிழியும். வராவிட்டால், இந்தக் காய்ச்சலுக்கு மேலே இன்னொரு ஊசி ஏறும்.

துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தபடி பர்னபாஸ் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னாம்மா இது? மூணாவதும் ஏறினா தாங்குவியா?"

அவள் சிரித்தாள். கண் இரண்டும் காய்ச்சலில் பளபளத்தன.

"அந்த ரெண்டும் வேற எடத்துல, கூழுக்கு சாமி. இது வூட்டுக்கு."

அவனுக்குப் புரியவில்லை. அவளோ யாரிடமாவது சொல்லிவிடத் துடித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, மூச்சுவிடாமல் சொன்னாள்.

வழக்கமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற மங்கம்மா, நாலு நாளைக்கு முன் தானே சாம்பல் மேட்டுக்குத் தேடி வந்தாளாம். எங்கள் லைனுக்கு ஊசி போடும் நாளில் என் பேரில் நீ போய்ப் போட்டுக்கொள், அதுவரைக்கும் என்ன, அதற்கப்புறமும் பிள்ளையோடு என் குடிசையிலேயே இரு என்றாளாம். அவர்கள் குடும்பம் கேழ்வரகுக் கொல்லையில் போய்ப் படுத்துக்கொள்கிறதாம். அவர்கள் மட்டுமில்லை, பக்கத்துக் குடிசைக்காரர்களும் அங்கேதானாம்.

மங்கம்மா கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. பொழுது சாய்ந்தால் விளக்கு எரிய வேண்டும், அடுப்பு புகைய வேண்டும். வாட்ச்மேன் கண்ணுக்கு லைன் காலியாகத் தெரியக் கூடாது. நேற்று ஐந்து வீட்டுக்கு விளக்கேற்றினாளாம் கங்கம்மா. அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு வீட்டுக்காரியின் மிடுக்கு.

பர்னபாஸின் கையிலிருந்த பஞ்சு நின்றுவிட்டது.

ஒரு லைன் ஏன் காலியாகும் என்பது கோரமண்டல் சுரங்கத்துப் பக்கம் குடிசை கட்டிக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் தெரியும். கூரையிலிருந்து எலி செத்து விழ ஆரம்பித்தால், அடுத்தது அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருக்கிற ஆள்தான். இவளுக்கு மட்டும் தெரியவில்லை. பிளேக் வருமுன்பே கூரையை இழந்தவளுக்கு, அதிலிருந்து என்ன விழும் என்று யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

"பாப்பா எங்க?" என்றான்.

"வூட்டுல தூங்கறா சாமி. நேத்து வெளக்கு வச்சதும் படுத்தவ, இன்னும் எழுந்திருக்கல. இத்தினி நாளு குளுருல நடுங்கின கொயந்த. எழுப்ப மனசு வரல."

வெளியே வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

"நம்பர்?" என்றார் டாக்டர், தலையைத் தூக்காமல்.

பர்னபாஸ் அவர் மேஜையில், கல் வைத்து அடுக்கியிருந்த காகிதங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து நாளைக்கு முன் லைன் லைனாகப் போய் எடுத்த எலிக் கணக்கு.

அன்றைக்கு மூன்றாவது லைனில் மங்கம்மா அவன் காலைக் கட்டிக்கொண்டாள். எலி விழுந்ததென்று எழுதினால் இருபது குடிசையையும் கொளுத்திவிடுவார்கள், எல்லாரையும் பிளேக் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள், நாங்களே கொல்லைக்குப் போய்விடுகிறோம் சாமி என்று அழுதாள். அவனுக்கு மனசு இளகிவிட்டது. ஆளில்லாத குடிசையால் யாருக்கு என்ன கெடுதல்? பென்சிலை எடுத்து, 'எலி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அன்று ஜெபத்தில் முழங்கால் போட்டபோது, ஒரு நல்ல காரியம் செய்தோம் என்றுகூட நினைத்துக்கொண்டான்.

"நம்பர், பர்னபாஸ்?"

கல்லை நகர்த்தி, அந்தக் காகிதத்தை உருவி டாக்டரிடம் நீட்டினான்.

"இது பொய் சார். நான் எழுதினது."

கங்கம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சீக்கிரம் போட்டுவிட்டால் வீட்டுக்குப் போகலாமே என்று, கையை நீட்டியபடியே நின்றிருந்தாள்.