சாக்கின் நடுவட்டம்

கிழிந்த துணிகளைத் திணித்து ஓர் அரிசிச் சாக்கின் வாயைத் தைத்தார்கள். கேட்டுக்கு அடித்து மீந்த பெயிண்டில் அதன் நடுவே சிவப்பு வட்டம் போட்டார்கள். புதிதாக வில் பழகுகிறவர்களுக்கு அதுதான் இலக்கு.

வட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாரும் பார்ப்பது என்னைத்தான். நீ சும்மா எனக்கு முட்டுக் கொடுத்து நில்" என்றது சாக்கிடம்.

முதல் அம்பு விர்ரென்று வந்தது. வட்டம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, 'என்மேல் வேண்டாம், சாக்கின்மேல் படட்டும்' என்று வேண்டிக்கொண்டது. அப்படியே பட்டது. இருபது அம்புக்கும் அதே வேண்டுதல்தான்.

சாயங்காலம் சாக்கு சல்லடையாகக் கிடந்தது. வட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"உனக்கு ஒன்றும் படவில்லையே?" என்று கேட்டது சாக்கு.

வட்டம் வெட்கத்தில் சிவந்தது. நல்லவேளை, அதன் முகம் ஏற்கெனவே சிவப்பு.