இடது கைப்பட்டி

இடது கைப்பட்டிதான் இடித்தது.

வெர்லின் ஸ்டாடர்ட் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். மேசையில் விரித்திருந்த விமானப்படைத் தோல் ஜாக்கெட்டில் கம்பளியில் பின்னிய இடுப்புப் பட்டியும், வலது கை நுனியில் மணிக்கட்டைப் பிடிக்கும் கைப்பட்டியும் வெளிறித் துரு நிறத்துக்கு வந்திருந்தன. இடதில் மட்டும் பின்னல் காப்பிக்கொட்டை நிறத்தில், நேற்றுப் பின்னியது மாதிரி இருந்தது.

எதிரே கோரா லிண்ட்ஹோம் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் அவளுடைய அப்பாவுடையது. போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர்.

ஓஹாயோவின் அந்தச் சின்ன விமான அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டிதான் காலி. கை வைக்காத அசலுக்குத்தான் அதில் இடம். பொருள்களைச் சோதித்துச் சொல்லும் வெர்லின் தலையசைத்தால் அப்பாவின் பெயர் அங்கே ஏறும். இல்லையென்றால் ஜாக்கெட் திரும்ப அலமாரிக்குப் போகும்.

பட்டிகளின் நிறம் மாறுவதற்கு வெர்லினிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. போர்க்கால அவசரத்தில் ஆலைக்கு ஆலை சாயம் வேறு. ஒரே ஆலையிலும் காலைத் தொட்டி மாதிரி மாலைத் தொட்டி வராது. அப்புறம் வெயில். நைந்துபோனால் ராணுவக் கிடங்கில் கையில் கிடைத்த பட்டியை வைத்துத் தைத்துத் தள்ளிவிடுவார்கள். நாற்பது வருடமாக இதையெல்லாம் கரைத்துக் குடித்த மனிதர்.

இடது கைப்பட்டிக்கு நாலு விரல் மேலே, தோலில் குறுக்காக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே தேய்ந்து வெளுத்திருந்தது. கீழே புத்தம் புதுசு. நுனியையே மாற்றியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினார். ஒட்டுத் தையல் எங்கேயும் தெரியவில்லை. தைத்தவன் கெட்டிக்காரன் என்று அதற்கும் சமாதானம் வைத்திருந்தார்.

"இது யாரோ மாத்தினதும்மா. எங்க குடுத்துத் தைச்சீங்க?"

"அப்பா இதை யாரையும் தொடவிட்டதில்லையே. ஆனா இந்தப் பட்டிய நானே இன்னைக்குத்தான் பாக்கறேன்."

வெர்லினுக்குள் சிரிப்பு வந்தது. ஐம்பது வருடம் அப்பா போட்டுத் திரிந்த ஜாக்கெட், மகள் பட்டியைப் பார்த்ததே இல்லையாம். 'இடது கைப்பட்டி பிற்காலத்தது, ஏற்பதற்கில்லை' என்று படிவத்தில் எழுதி அவள் பக்கம் நகர்த்தினார்.

கோராவின் முகம் வாடிப்போயிற்று. எழுந்து ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டி, ஜிப்பை மேலே இழுத்தாள். பிறகு பழகிய கையால் பாக்கெட்டின் மூடியைத் தூக்கி, ஜாக்கெட்டின் இடது கை நுனியை உள்ளே செருகினாள்.

அந்தக் கோடு பாக்கெட் விளிம்பில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது.

வெர்லின் கண்ணாடியைக் கழற்றினார்.

"போர்லேர்ந்து திரும்பினதிலேர்ந்து, இந்தக் கை காலியா தொங்கினா எல்லாரும் பாக்கறாங்கன்னு அப்பா எப்பவும் இப்படித்தான் வச்சிருப்பார்," என்றாள் கோரா.

அவர் மெதுவாகக் கை நீட்டி, படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.