இறுக்கமான பை

மலைக்காட்டில் இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கு படுக்கை கட்டி உறங்கவேண்டும் என்பது என் கணவன் தயாளனின் ஆசை. குளிர் தாங்கும் உறக்கப் பை வாங்கக் கடைக்கு வந்திருந்தோம். அவன் எங்கே இருந்தாலும் என் கண்கள் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கும். நேற்று அவை என் தலையைக் கதவில் மோதியிருந்தன.

"இது நல்லா இறுக்கமா இருக்கும் சார். உள்ள காத்து நிக்க எடமில்லன்னாதான் சூடு தங்கும்," என்றாள் கடைப்பெண்.

மாதிரிக்குக் கட்டியிருந்த தொங்கு படுக்கையில் அவன் பைக்குள் புகுந்து படுத்தான். நான் ஜிப்பைத் தாடைவரை இழுத்தேன். கைகள் இரண்டும் உள்ளே போய்விட்டன.

"ஏய், கைய அசைக்க முடியல. அவுத்து விடுடி."

துணிக்குள் அவை சாக்கில் அடைத்த எலிகளைப்போல முட்டின. படுக்கையை லேசாகத் தள்ளினேன். பக்கத்திலிருந்த இரும்புத் தூணில் அவன் தலை இடித்தது.

"அய்யோ, பாத்து மேடம்!" கடைப்பெண் சிரித்தாள்.

"சனியனே, வீட்டுக்கு வா, காட்டுறேன்."

இரண்டாம் முறை லேசாகத் தள்ளவில்லை. பிறகு, வெகுகாலத்தில் முதல்முறையாக, அவன் முகத்தைப் பார்த்தேன். அது இவ்வளவு சிறியது என்று எனக்குத் தெரியாது.

"இன்னும் அகலமா ஒண்ணு இருக்கு, எடுக்கவா மேடம்?"

"இத உள்ளேருந்து அவரே தெறக்க முடியுமா?"

"கஷ்டம் மேடம். பழகுற வரைக்கும் பக்கத்துல யாராச்சும் இருக்கணும்."

"நான் இருப்பேன்," என்றேன். "இதையே குடுங்க."

ஜிப்பின் நுனி இன்னும் என் விரல்களில் இருந்தது.