இரண்டாவது டேப்

"இன்னொண்ணைத் திறந்தேன்... மொதல்ல இருந்தது செத்துப்போச்சுங்க!" மறுமுனையில் குரல் தழுதழுத்தது.

நெனிதா பதறவில்லை. அன்று காலையிலிருந்து அது பதினேழாவது சாவு. பிலிப்பைன்ஸில் செபுவிலிருந்து மற்ற தீவுகளுக்குக் கப்பல் விடும் கம்பெனியின் உதவி எண்ணில் அவளுக்கு வேலை. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் நெருங்கினால், ஊருக்குப் போகிற கூட்டத்தில் நாள் முழுக்க இதே ஒப்பாரிதான்.

"சார், நம்ம சைட்டை ப்ரவுசர்ல ஒரே ஒரு டேப்லதான் திறக்கணும். ரெண்டாவது டேப் திறந்தா, முதல் டேப்ல நீங்க போட்டதெல்லாம் அழிஞ்சிடும். எல்லாம் உங்க பாதுகாப்புக்காகத்தான்," என்று மனப்பாடப் பாடத்தை ஒப்பித்தாள்.

"போற கப்பலையும் வர்ற கப்பலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தானேம்மா நேரம் ஒத்துவருதான்னு தெரியும்? ஞாயித்துக்கிழமை சிகிஹோர் தீவுல என் பொண்ணுக்கு ஞானஸ்நானம். மூணே சீட்டுதான் மிச்சம். அப்பன் இல்லாம நடந்துச்சுன்னா என் மாமியார் என்னைக் கடல்லயே தள்ளிடுவாங்க!"

நெனிதாவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சைட்டைக் குறை சொன்னதற்காகப் போன வாரம்தான் பக்கத்து மேசைக்காரிக்குச் சீட்டுக் கிழிந்திருந்தது. நல்லவேளை, சூப்பர்வைசர் காப்பி வாங்கப் போயிருந்தாள்.

குரலைத் தாழ்த்தினாள். "இந்த சைட்டை எழுதின மடையன் ஜென்மத்துல கப்பல் ஏறியிருக்க மாட்டான் சார்."

"பாவம், அவனுக்கு மேலேருந்து என்ன நெருக்கடியோ. விடுங்கம்மா."

இப்படியும் ஒரு நல்ல மனுஷனா என்று நெனிதா உருகிப்போனாள்.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல வேற ப்ரவுசர் ஒண்ணு இருக்குமில்ல? வர்ற கப்பலை அதுல திறங்க. ரெண்டு ஊர்ல ரெண்டு பொண்டாட்டி வச்ச மாதிரி, இவளுக்கு அவளைத் தெரியாது, அவளுக்கு இவளைத் தெரியாது. சண்டையே வராது."

தடதடவென்று கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு ஒரு கூவல். "அட, ரெண்டும் உயிரோட இருக்கு! இருங்க, இருங்க... சீட்டு கிடைச்சிடுச்சும்மா! போகவும் கிடைச்சிடுச்சு, வரவும் கிடைச்சிடுச்சு!"

தூரத்தில் சூப்பர்வைசர் காப்பியோடு திரும்பி வருவது தெரிந்தது. நெனிதா அவசரமாகக் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் சொல்லிக் குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நீங்களும் சொல்லிடாதீங்கம்மா."

"நான் எதை சார் சொல்லப்போறேன்?"

மறுமுனையில் ஒரு செருமல்.

"அந்த சைட்டை எழுதினவனே நான்தான்."