பக்கத்து மனை

எங்கள் கோழிக்கூண்டை ஒட்டிய காலி மனையைப் பார்க்க, தரகரோடு அந்த அம்மாள் வந்து இறங்கியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகரத்துக் கோட்டு, பளபளக்கும் கார். போன வருஷம் பாரிஸிலிருந்து இப்படி வந்த ஒருவர்தான், மாதா கோயில் மணி தூக்கத்தைக் கெடுக்கிறது என்று மேயரிடம் மனுக் கொடுத்தார்.

"முன்னாடியே சொல்லிடறேன், மதாம். என் சேவல் விடிகாலை நாலு மணிக்கே கூவும்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமையும்தான்!"

"ரொம்பச் சத்தமா இருக்குமோ?"

"ஆத்துக்கு அந்தாண்ட வரைக்கும் கேக்கும். பிடிக்கலேன்னா இப்பவே கிளம்புங்க."

"யாரும் புகார் பண்ணலையா?"

"பண்ணித்தான் பாக்கட்டுமே! ஊரே திரண்டு வந்து நிக்கும்."

அந்த அம்மாள் தரகர் பக்கம் திரும்பினாள். "எனக்கு இந்த மனைதான் வேணும்."

அவள் காரின் பின்கதவைத் திறந்து, ஒரு பெரிய கூடையை எடுத்து மூடியை விலக்கினாள். சிவப்புக் கொண்டை ஒன்று எட்டிப் பார்த்துக் கூவியது.

"எங்க ஊருக்குக் குடிவந்த பாரிஸ்காரர் கோர்ட்டுல ஜெயிச்சுட்டார். சேவலை ஊரைவிட்டு அனுப்பணுமாம். இவன் இருக்கக் கூடாத ஊர்ல எனக்கு மட்டும் என்ன வேலை?"